இரும்பில் ஒரு சறுக்குமரம்

எனக்கு ஆறு வயதில் ஒரு பெரிய சந்தேகம் இருந்தது. எங்கள் மாதா கோயில் பள்ளிக்கூடத்து மைதானத்தில் நின்ற சறுக்குமரம் முழுக்க இரும்பு. வெயில் நேரத்தில் உட்கார்ந்தால் தொடை பழுத்துவிடும். பிறகு எதற்கு அதற்கு மரம் என்று பேர்? டீச்சரைக் கேட்டேன். "பேசாம சறுக்குடி" என்றார். அப்பாவைக் கேட்கவே முடியாது. எங்களுடையது கடைமடை ஊர். காவிரித் தண்ணீர் வருமா வராதா என்பதைத் தவிர அவருக்கு வேறு யோசனை கிடையாது.

மிஞ்சியது மாமா. அம்மாவின் தம்பி. வெல்டிங் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் எங்கள் வீட்டில் இருந்தார். நெல் மூட்டை அடுக்கும் அறையில் அவருக்கு ஒரு கட்டில் போட்டதும் அது மாமா ரூம் ஆகிவிட்டது. சாயங்காலம் என்னைச் சறுக்குமரத்துக்குக் கூட்டிப்போவதுதான் அவருடைய உத்தியோகம். கீழே நின்று கையை விரிப்பார். நான் கண்ணை மூடிக்கொண்டு வந்து விழுவேன். அவர் இல்லாமல் நான் சறுக்கியதே இல்லை.

"முதல்ல அது மரமாத்தான் இருந்துச்சு" என்றார் மாமா. "தென்னை மரத்தை ரெண்டாப் பொளந்து வாய்க்கா கரையில சாச்சுப் போட்டிருப்பாங்க. நாங்க அதுலதான் சறுக்குவோம். உங்கம்மா பாவாடையைக் கிழிச்சுக்கிட்டு, பொழுது சாயுற வரைக்கும் வைக்கப்போருக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்தாங்க."

"டேய், கிழிஞ்சது உன் டவுசருடா!" என்று அடுப்படியிலிருந்து அம்மா கத்தினாள்.

"அப்புறம் அந்த மரம் என்னாச்சு மாமா?"

"மரம் போயிருச்சு, இரும்பு வந்துருச்சு. பேரு மட்டும் போகாம நிக்குது."

இது எனக்கு நியாயமாகவே படவில்லை. மரம் போனால் பேரையும் மாற்ற வேண்டாமா?

வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் கிளம்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. குறுவை போடத் தண்ணீர் வரவில்லை. மாமாவுக்குச் சிங்கப்பூரில் வேலை வந்தது. அவரைப் போகவிடாமல் இருக்க நான் செய்யாத அழிச்சாட்டியம் இல்லை. பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்தேன். ஒரு செருப்பைத் தவிட்டுப் பானைக்குள் ஒளித்தேன். மாமாவுக்கு நல்ல காய்ச்சலாகக் கொடு என்று வேளாங்கண்ணி மாதாவிடம் வேண்டிக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம், "வா, சறுக்கிட்டு வரலாம்" என்றார் மாமா. கையில் பெட்டி இல்லை. நம்பிப் போனேன். ஏணியில் ஏறும்போது கீழேதான் நின்றார். வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு சறுக்கினேன். பிடித்த கைகள் சொரசொரவென்று இருந்தன. கண்ணைத் திறந்தால், அப்பா! பாவம், அவருக்குப் பிடிக்கத் தெரியாது. இரண்டு பேருமாக மணலில் உருண்டோம். எழுந்து பார்த்தபோது மாமா ஏறிய பஸ் போய்க்கொண்டிருந்தது. பெட்டியை முன்பே கொண்டுவந்து வைத்திருந்த அம்மா ரோட்டில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தாள். அத்தனை பேரும் கூட்டுக் களவாணிகள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அதற்குப் பிறகு நான் சறுக்குமரத்துப் பக்கமே போகவில்லை.

தை மாதம் விளைந்த கொஞ்சம் நெல் வீட்டுக்கு வந்தது. "மாமா ரூம்ல அடுக்குங்க" என்று ஆட்களிடம் சொன்னாள் அம்மா. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"மாமாதான் போயாச்சுல்ல? இன்னும் என்ன மாமா ரூம்? நெல் ரூம்னு சொல்லும்மா!"

அம்மா கட்டிலை வெளியே எடுக்க வந்த ஆளைத் தடுத்து, மூட்டைகளை அதைச் சுற்றி அடுக்கச் சொன்னாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "நெல்லுச் சுணை தூசியாப் பறந்து கண்ணுல பட்டுருச்சுடி" என்றாள்.

எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. அவளைக் கட்டிலில் உட்காரவைத்து, கண்ணை விரித்துப் பிடித்து ஊதினேன். ஊத ஊத இன்னும்தான் தண்ணீர் வந்தது. அந்த வருஷத்து நெல்லில் சுணை ரொம்ப அதிகம் என்று அப்பாவிடம் போய்ச் சொன்னேன்.