அறையில் வேறு யாரும் இல்லை

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் நீராவி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆபரேஷனுக்குப் போய்வந்த கத்தி, கத்தரிக்கோல்களைக் கழுவி, துணியில் பொட்டலம் கட்டி, நீராவிப் பெட்டியில் அடுக்கிக் கிருமி நீக்கி எடுப்பது அவள் வேலை. அந்தச் சூட்டில் நின்றே தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. ஒரு நாள் நிர்வாகத்துக்குத் திடீரென்று விழிப்பு வந்தது. இந்த வேலைக்கு இனிமேல் சான்றிதழ் வேண்டுமாம். ஆன்லைனில் படித்துப் பரீட்சையில் தேறினால் அதே இடம், இல்லையென்றால் தரை துடைக்கும் வேலை.

தரை துடைப்பதைக் கேவலமாக நினைக்கிறவள் இல்லை அவள். ஆனால் துடைக்கிறவர்களுக்கு இராத்திரி முறை உண்டு. பக்கவாதத்தில் விழுந்து கிடக்கிற வீட்டுக்காரரை இராத்திரியில் யார் திருப்பிப் படுக்கவைப்பது? மகள் கட்டிக்கொடுத்த பெண், பகலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள், அவ்வளவுதான். ஆகவே படிப்பது என்று முடிவாயிற்று. வேறு வழி?

வேலை விட்டு வந்ததும் போனைக் கட்டில் கம்பியில் சாய்த்து வைப்பாள். இருக்கிறது ஒரே அறை. அவள் காய் நறுக்கிக்கொண்டே பாடம் கேட்பாள், அவரும் கேட்பார். லாரி ஓட்டிய காலத்தில் ஊரையே பேசித் தீர்த்த மனுஷன், இப்போது வாயில் வருவது ஒரே ஒரு ‘ம்ம்’. ஒருமுறை மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். வாத்தியார் ஏதோ விளக்கிவிட்டு, “புரிஞ்சுதா?” என்று கேட்க, இவர் கணீரென்று “ம்ம்” என்றார். “பரவாயில்லையே, ஒருத்தராவது கவனிக்கிறீங்க” என்றார் வாத்தியார். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

அதுவே பிறகு அவர்கள் படிக்கும் முறையாகிப் போயிற்று. கேள்வியை அவள் சத்தமாக வாசிப்பாள். நான்கு விடைகளையும் ஒவ்வொன்றாகச் சொல்வாள். சரியானது வந்ததும் அவர் “ம்ம்” என்பார். “நீராவி உள்ள நுழையணும்னா பொட்டலத்தை எப்படி அடுக்கணும்? நெருக்கியா?” சத்தம் வராது. “இடைவெளி விட்டா?” “ம்ம்.” சில நாள் அவள் தப்பு சொல்வாள், அவர் விடவே மாட்டார். “ஆமா, பெரிய பண்டிதர்” என்று நொடித்துக்கொண்டே திருத்திக்கொள்வாள்.

பரீட்சைக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது, வாய்விட்டு வாசிக்கவும் கூடாது. கேமரா வழியாக ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். கட்டிலோ வாசலைத் தாண்டாது. அவரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்குவது நடக்கிற காரியமா? மகள் வந்து அவரைக் கட்டிலோடு மூலையில் தள்ளி, கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டாள். “அப்பா, மூச்சு விடக் கூடாது” என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

“ரூம்ல வேற யாராவது இருக்காங்களா மேடம்?” என்றது போனில் ஒரு குரல்.

“யாரும் இல்ல சார்.”

பாதிவரை நன்றாகத்தான் போயிற்று. ஒரு கேள்வியில் குழம்பிப் போனாள். பழக்கதோஷம், உதடு தானாக முணுமுணுக்க ஆரம்பித்தது. இரண்டாவது விடைக்கு வந்தபோது போர்வைக்குப் பின்னாலிருந்து “ம்ம்” என்று கேட்டது.

பரீட்சை ரத்து. மறுபடி எழுத அடுத்த மாதம் தேதி கொடுத்தார்கள்.

அவரைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. போர்வையை விலக்கினால், மனுஷன் முகமெல்லாம் பூரிப்பு. சரியான விடையைச் சொல்லிவிட்டாராம்! அதுவும் சரியான விடைதான்.

அந்தத் தேதி வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்தார். தூக்கத்திலேயே, யாருக்கும் தொந்தரவு இல்லாமல். வந்தவர்கள் எல்லோரும் “அழுதுடும்மா, மனசுல வச்சுக்காத” என்றார்கள். அழுகை என்ன குழாய்த் தண்ணீரா, திருகினால் வருவதற்கு? அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. வேலைக்குப் போனாள், பொட்டலம் கட்டினாள், வீட்டுக்கு வந்தாள். சூடான தட்டை வெறுங்கையால் எடுத்துவிட்டு, தோல் சிவந்ததைப் பார்த்துத்தான் சுட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டாள். வாடகைக் கட்டிலைத் திருப்பி எடுத்துப் போனார்கள். அதற்கும் தலையாட்டினாள்.

பரீட்சையை நினைவூட்டிச் செய்தி வந்தபோது மகள், “எழுதிடும்மா” என்றாள். எதற்கு எழுதுவது? யாருக்காகப் படித்தாளோ அவரே இல்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே. உட்கார்ந்தாள். மகள் பழையபடி கதவைச் சாத்திவிட்டுப் படிக்குப் போனாள்.

இந்த முறை ஒரு பெண் குரல். “ரூமைச் சுத்திக் காட்டுங்கம்மா. அது என்ன கயிறு?”

“துணி காயப்போட.”

“வேற யாராவது இருக்காங்களா?”

கட்டில் கால் பதிந்த தடத்தின்மேல் கேமரா போய்வந்தது. போன தடவை பொய் சொல்லும்போது குரல் நடுங்கவே இல்லை. இப்போது உண்மையைச் சொல்ல வாய் வரமாட்டேன் என்றது.

“யாரும் இல்ல.”

கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. வாயைத் திறக்காமல் படித்தாள். ஒவ்வொரு விடையிலும் கொஞ்சம் நின்று, பிறகு தானாகவே தொட்டாள். வேலை செய்து பழகிய கை, எங்கும் தடுமாறவில்லை.

“முடிஞ்சுதும்மா. பாஸ் ஆயிட்டீங்க, நல்ல மார்க்!” என்றது குரல். “இனி நீங்க தாராளமாப் பேசலாம்.”

“யார்கிட்டம்மா?”

குத்தலாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். அந்தப் பெண், “வாழ்த்துக்கள்மா” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டித்தாள்.

அவள் மூலைப் பக்கம் திரும்பினாள். “என்னங்க, பாஸ்” என்றாள். சொல்லிவிட்டு, பழக்கப்படி பதிலுக்குக் காத்திருந்தாள்.

பிறகு ஒரேயடியாக வெடித்து அழுதாள். படியில் இருந்த மகள் அலறியடித்துக்கொண்டு உள்ளே ஓடி வந்து, அம்மாவைக் கட்டிக்கொண்டு முதுகைத் தடவினாள்.

“விடும்மா, போனாப் போகுது. அடுத்த தடவை பாஸ் பண்ணிக்கலாம்.”