மரியத்தின் பச்சைக் கதவு

போன கிழமை வால்தம்ஸ்டோவில் மழைக்கு, பழைய சாமான் விற்கும் ஒரு சரிட்டிக் கடைக்குள் ஒதுங்கினேன். சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால் பழைய வாழ்த்து அட்டைகளைக் கிளறினேன். மரியம் வரைந்த அந்தப் படம் அச்சிட்ட அட்டை ஒன்று கையில் வந்தது. சாந்து பூசிய வீடு, மேலே காற்றுப் பிடிக்கும் கோபுரம், முற்றத்தில் காப்பிக் கெண்டியோடு ஒரு அரபுப் பெரியவர், பின்னால் பச்சைக் கதவு. உடனே மூக்கில், வர்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாசம் ஏறியது. அட்டைக்கு ஏது வாசம், எனக்குத்தான் வயது போய்விட்டது.

எண்பதுகளின் கடைசியில் கோலியர்ஸ் வுட்டில் படங்களுக்குப் பிரேம் போடும் கடையொன்றில் எனக்கு வேலை. மரியம் அங்கேதான் வந்தாள். ஓவியம் படிக்க வந்த துபாய்ப் பெண். எப்போதும் ஜீன்ஸ், விரலெல்லாம் வர்ணம். லண்டனுக்கு முன் நானும் இரண்டு வருடம் துபாயில் கிடந்தவன் என்று தெரிந்ததும் ஹிந்தியில் தொடங்கிவிட்டாள். அவளுடையது வீட்டு வேலைக்காரியிடம் பழகிய ஹிந்தி. என்னுடையது மேஸ்திரியிடம் திட்டு வாங்கிப் பழகியது. நாங்கள் கதைப்பதைப் பார்த்த வெள்ளைக்கார முதலாளி, இருவரும் ஒரே ஊர் என்றே கடைசிவரை நம்பினார்.

அவள் வரைய விரும்பியது தன் குடும்பத்தின் பழைய வீட்டை. நடை பழகும் வயதிலேயே புது மாளிகைக்குப் போய்விட்டதால் அவளுக்கு எதுவும் நினைவில்லை. அவர்கள் விட்டுப்போன அந்த வரிசை வீடுகளில் பிறகு குடியிருந்தவர்கள் எங்களைப் போன்ற கூலிக்காரர்கள். ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்தோம். அங்கே கதவுகளின் பழைய பெயின்டைச் சுரண்டுவதுதான் என் வேலை. ஆகவே எல்லாவற்றையும் என்னிடம் கேட்டாள். கதவு என்ன நிறம்? பச்சை என்றேன். ஏழு முறை கலந்து கொண்டுவந்தாள், ஏழு முறையும் இல்லை என்றேன். எட்டாவதில்தான் தலையாட்டினேன்.

கடைசியில் என்னையும் படத்தில் வைத்தாள். இடுப்பில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் நின்று கதவைச் சுரண்டுகிறேன். “நீங்கள் இல்லாமல் இந்த வீடு எனக்குத் தெரியாது” என்றாள். அந்த நாளில் இந்த நாட்டில் என் பெயருக்கு ஒழுங்கான ஒரு கடுதாசிகூட இல்லை. விசா முடிவு எப்போது வரும் என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தவன், ஒரு படத்துக்குள் நிரந்தரமாகக் குடியேறிவிட்டேன். பிரேமை நானே செய்து பூட்டினேன். வடக்கு லண்டன் எட்மண்டனில் என்னோடு அறையில் இருந்த சிவம் அண்ணைக்குச் சொல்லிச் சொல்லிக் காதைத் தேய்த்தேன்.

அந்தப் படத்தை வைத்த கண்காட்சிக்கு இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு அவரையும் கூட்டிப் போனேன். மரியம் கறுப்பு அபாயாவில், தகப்பனுக்குப் பக்கத்தில் நின்றாள். அந்த உடையில் அவளை அன்றுதான் கண்டேன். படத்தின் பிரேம் என்னுடையதுதான், ஆனால் கழற்றிப் பூட்டியதில் ஒரு மூலை நசிந்திருந்தது. ஏணி நின்ற இடத்தில் ஒரு ராஜாளி உட்கார்ந்திருந்தது.

சிவம் அண்ணை கனநேரம் பார்த்தார். “படம் வடிவாத்தான் இருக்கு. நீ எங்கயடாப்பா?”

மரியம் எங்களருகே வந்து தாழ்ந்த குரலில் ஹிந்தியில் சொன்னாள்: “இது எங்கள் மரபைக் காட்டும் படம், எங்கள் ஆட்கள் மட்டும் போதும் என்கிறார் அப்பா.” பிறகு தகப்பனிடம் திரும்பி, இவர் பிரேம் கடைக்காரர் என்று ஆங்கிலத்தில் அறிமுகம் செய்தாள். கேட்க எவ்வளவோ இருந்தது. என் வாயில் வந்தது, சரி என்று அர்த்தமான ‘அச்சா’ ஒன்றுதான்.

துரோகி என்றால் உயிர் போகும் என்பதால், துரோகம் என்ற சொல்லை விளையாட்டுக்குச் சொல்லாத ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். அன்று பஸ்ஸில் அதைச் சொன்னேன், இரண்டு தரம். சிவம் அண்ணை மறுக்கவில்லை.

அவரும் இப்போது இல்லை. பிரேம் கடையும் இல்லை. அட்டையில் ராஜாளி மட்டும் கம்பீரமாக இருக்கிறது, கதவும் நான் சொன்ன அதே பச்சையில் இருக்கிறது. ஒன்றை இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை. துபாய்க் கதவுகள் என்ன நிறமோ, சத்தியமாக எனக்கு நினைவில்லை. வெயிலில் பத்து மணி நேரம் சுரண்டுகிறவன் நிறமா பார்ப்பான்? அவள் கேட்டபோது வாயில் வந்தது ஊரில் எங்கள் வீட்டு முன்கதவின் பச்சை. அது போரில், வீட்டோடு ஷெல்லடியில் போய்விட்டது. ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை.

அட்டையை வாங்கிவந்து சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன். ராஜாளியையும் பெரியவரையும் கையால் மறைத்துவிட்டால், எங்கள் வாசல்.