எதைக் கொண்டு தரை துடைப்பது

எண்பதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் நான் வேலை பார்த்த துப்புரவுத் திரவத் தொழிற்சாலையில், மாதக் கடைசியில் ஆளுக்கு இரண்டு புட்டி இலவசமாகக் கொடுப்பார்கள். ஒன்று தரை துடைக்க, பச்சை நிறம். மற்றது கழிவறைக்கு, நீலம். மார்சிலிங்கில் எங்கள் வீட்டில் அம்மாவும் நானும்தான். இரண்டு பேருக்கு அவ்வளவு தேவைப்படாது. அம்மா ஒன்றைப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவுக்குக் கொடுப்பார், ஒன்றைச் சனிக்கிழமைகளில் பங்குக் கோயிலைச் சுத்தம் செய்யும் பெண்களிடம் கொண்டுபோவார். "எம்மவ கம்பெனி மருந்து. ஒரு மூடி ஊத்துனா போதும், நாள் பூரா மணக்கும்" என்று சொல்லித்தான் கொடுப்பார். அம்மாவுக்கு அது மருந்து. வேறு பெயர் சொல்லி நான் கேட்டதில்லை.

முதல் இரண்டு வருடம் நான் முன்கட்டடத்தில் இருந்தேன். கலவையில் அமிலம் எவ்வளவு, நிறம் சரியா, நுரை சரியா என்று பார்த்துக் குறித்துக்கொள்வது என் வேலை. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு செய்யும் வேலை என்பதில் எனக்கும் கொஞ்சம் பெருமை இருந்தது. பிறகு பின்கட்டடத்தில் வேலை பார்த்த ஒரு பெண் பிரசவத்துக்குப் போனாள். அவள் இடத்துக்கு என்னை அனுப்பினார்கள்.

பின்கட்டடத்தில்தான் முயல்கள் இருந்தன. அப்படி ஒரு அறை இருக்கிறது என்பது எனக்கு அதுவரை காதில் விழுந்த செய்தி மட்டும்தான். வெள்ளை முயல்கள், கூண்டுக்கு ஒன்று. சோதிக்கும் நாளில் ஒவ்வொன்றையும் தலை மட்டும் வெளியே தெரியும் பெட்டிக்குள் வைப்போம். கீழ் இமையை விரலால் இழுத்து, புதுக் கலவையில் ஒரு சொட்டு விடுவோம். ஒரு கண்ணில் மட்டும்தான். மற்றக் கண் ஒப்பிட்டுப் பார்க்க. வேறு சில முயல்களுக்கு முதுகில் முடியை மழித்து, கலவையில் நனைத்த துணியை வைத்து பிளாஸ்டர் ஒட்டுவோம். மறுநாள் பிரித்துப் பார்த்து எண் போட வேண்டும். ஒன்றுமில்லை என்றால் பூச்சியம். லேசான சிவப்பு ஒன்று. நன்றாகச் சிவந்து, தோல் வெடித்திருந்தால் மூன்று அல்லது நான்கு.

எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு தமிழர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணே என்று கூப்பிடுவேன். முதல் நாள் நான் சொட்டு விடாமல் தயங்கி நின்றதைப் பார்த்துவிட்டு, "பழகிடும் லா. எனக்கும் ஒரு வாரம் சாப்பாடு இறங்கல" என்றார். பிறகு, "முயல் சத்தம் போடாது, அது ஒரு வசதி" என்றார். குரூரமாகச் சொல்லவில்லை. அவர் முயல்களுக்குக் கீரைத்தண்டு கொண்டுவந்து போடுகிறவர்.

எனக்குப் பழகவில்லை. ஒரு வாரம் ஆனது, மூன்று வாரம் ஆனது. பேருந்தில் உட்கார முடியவில்லை. இடம் கிடைத்தாலும் எழுந்து நின்றேன். வீட்டுக்கு வந்தால் கையைக் கழுவுவேன், துணியை மாற்றுவேன், மறுபடியும் கழுவுவேன். வராந்தாவில் யாராவது தரை துடைத்திருந்தால் அந்த வாசனை படியேறும்போதே வரும். எங்கள் பச்சைப் புட்டியா, கடையில் வாங்கிய வேறு ஏதாவதா என்று மூக்கு தானாகப் பிரித்துப் பார்க்கும். நான் போய்க் கதவைச் சாத்துவேன். கொஞ்ச நேரத்தில் புழுக்கம் தாங்காமல் திறப்பேன்.

"என்னடி இது, உக்காரவும் மாட்டேங்குற, நிக்கவும் மாட்டேங்குற" என்றார் அம்மா.

"ஒண்ணுமில்லமா. வேல ஜாஸ்தி."

அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்த்தார். காலையில் நான் கிளம்பும் முன்பே அவர் போய்விடுவார். பத்துக் கழிவறைகள், இரண்டு மாடிப்படிகள், ஒரு சிற்றுண்டிச்சாலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். உப்புப் பட்டதும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். நான் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். விரலிடுக்கில் தோல் உரிந்திருந்தது. மணிக்கட்டுக்கு மேலே சிவப்பு ஒரு வளையமாக நின்றது. அதன் நடுவே இரண்டு இடத்தில் வெடிப்பு.

மூன்று, என்று எனக்குள் எண் விழுந்தது.

கையை விட்டுவிட்டேன். அம்மாவின் கையை நான் தினமும் பார்க்கிறவள். அது அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துப் பழகியிருந்தேன். முன்பின் தெரியாத முயலின் முதுகைத் தினமும் பார்த்து, தேதி போட்டு, எண் போட்டுக் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"எத்தன நாளா இப்படி இருக்கு?"

"இந்த வேல செய்யற எல்லாருக்கும் இருக்கும். தேங்காயெண்ணெய் போட்டா அடங்கும்."

"கிளவுஸ் போடலியா?"

"அது வழுக்குது. வாளி கீழ விழுந்தா யார் பதில் சொல்றது?"

அன்றைக்குத்தான் அம்மாவிடம் முயல்களைப் பற்றிச் சொன்னேன். அம்மா மீனைக் கழுவி முடித்து, மஞ்சள் தடவி வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார். அழுவார் அல்லது என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"கண்ணுல ஊத்துன பிறகு கழுவி விடுவீங்களா?"

"உடனே கழுவக் கூடாதுமா. என்ன ஆகுதுன்னு பாக்கணும்."

"அப்புறம்?"

"எல்லாம் முடிஞ்ச பிறகு உசுரோட வச்சிக்க மாட்டாங்க."

அம்மா எழுந்து மீனை ஒரு தட்டால் மூடினார். பிறகு, "கோயில்ல எல்லாருக்கும் அதத்தான் குடுத்துக்கிட்டு இருந்தேனா" என்றார். "மாதா மாடத்தையெல்லாம் அதாலதான் தொடச்சோம்."

அடுத்த மாதம் நான் புட்டிகளை வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் தரை துடைத்தாக வேண்டும், கழிவறை கழுவியாக வேண்டும். கடைக்குப் போய் வேறு கம்பெனிப் புட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தால் அதே பொருள்கள். அவர்களுக்கும் எங்கேயோ ஒரு பின்கட்டடம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். எடுத்ததை வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பேன். கடைக்காரர் என்னைத் திருடி என்று நினைத்திருக்கலாம். அந்த மாதிரி மூன்று கடை ஏறி இறங்கியிருக்கிறேன்.

கடைசியில் தமிழர் கடைகள் இருக்கும் தேக்காவுக்குப் போனேன். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு மளிகைக் கடையில், சோப்பு மாதிரி நுரைக்கும் என்பதால் பூந்திக்கொட்டை கேட்டேன். கடைக்காரர், "நகை கழுவவா?" என்றார். "வீடு கழுவ" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இரண்டு கிலோ நிறுத்துக் கொடுத்தார். ஆப்பசோடா, வினிகர், பழைய புளி எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தேன். கொட்டையைத் தட்டி, தோலை ஊறவைத்துக் காய்ச்சியபோது வீடு முழுக்க ஒரு புளித்த வாடை. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, என்ன சமைக்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார்.

காய்ச்சியதை வடிகட்டி வைத்ததும் எனக்கு வேறொரு சந்தேகம் வந்தது. இதுவும் தோலைச் சுடுமா? கொட்டையில் வந்தது என்பதால் நல்லது என்று ஆகிவிடுமா? ஒரு துண்டுத் துணியை நனைத்து, என் முன்கையில் வைத்து பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டேன். அம்மா பார்த்தார்.

"என்ன அது?"

"சோதிச்சுப் பாக்கறேன்."

"உன்னுது எழுதுற கை. எங்கையில ஒட்டு. நாந்தான இத வச்சுக் கழுவப் போறேன்."

வேண்டாம் என்றேன். அவர் கையை நீட்டிக்கொண்டே நின்றார். புண்ணில்லாத இடமாகப் பார்த்து, முழங்கைக்குக் கீழே ஒட்டினேன். மறுநாள் மாலை சன்னல் பக்கம் உட்கார்ந்து இருவர் கையையும் பிரித்துப் பார்த்தோம். என் கையில் ஒன்றுமில்லை. அம்மாவின் கையில் லேசான சிவப்பு. அது பிளாஸ்டர் ஒட்டியதால் வந்தது என்றார் அம்மா. நான் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கலந்து மறுபடியும் ஒட்டினேன். அம்மா சிரித்தார். "பரவால்ல, என்னைய மட்டும் உசுரோட வச்சிக்கறீங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் இது ஒருவாறு நடந்தது. நீர்த்துப் போன பூந்திக்கொட்டைத் தண்ணீர், இரண்டு முறை துடைக்க வேண்டும், வாசனை கிடையாது. அம்மா பள்ளிக்கூடத்தில் நல்ல கையுறை கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே கொடுக்கும் மருந்தை அவரால் மாற்ற முடியாது, கையை மட்டும் காப்பாற்றிக்கொள்ளலாம். நான் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு நிற்கத் தெரியவில்லை. கோயிலிலும் மாற்ற வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன்.

சனிக்கிழமை என் சாமான்களோடு போனேன். பெண்கள் ஆறேழு பேர் இருந்தார்கள். நான் முயல் கதையைச் சொன்னேன், கொஞ்சம் அதிகமாகவே சொன்னேன். ஒரு அக்கா மட்டும், "முயலைக் கறி வச்சுத் திங்கறோமே, அதுக்கு என்ன சொல்ற?" என்றார். நான் வாளியை எடுத்து வைத்தேன். மற்றவர்கள் சரி, செய்து பார்ப்போம் என்றார்கள்.

பீடத்தின் கீழ்ப்படி சலவைக்கல். பூச்சாடி வைத்து வைத்து அதில் ஒரு பழுப்புக் கறை இருந்தது. வினிகரில் துணியை நனைத்து அந்தக் கறைமேல் போட்டுவிட்டு, ஊறட்டும் என்று சன்னல் துடைக்கப் போனேன். அரைமணி நேரம் கழித்து வந்து துணியை எடுத்தேன். கறை அங்கேயே இருந்தது. அதைச் சுற்றி ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு, கல் பளபளப்பு போய் வெளிறிக் கிடந்தது. விரலால் தடவினேன். உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது.

அமிலம் சலவைக்கல்லை அரிக்கும் என்பது நான் படித்துத் தேறிய பாடம். இரண்டு வருடம் அமிலம் அளந்து பிழைத்தவள் நான். தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன், இன்னும் தேய்த்தேன். பெண்கள் வந்து சுற்றி நின்றார்கள். ஒருவர் குனிந்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

ஃபாதரைக் கூப்பிட்டார்கள். அவர் குனிந்து பார்த்தார். "என்ன ஊத்துனீங்க?"

நான் வாயைத் திறக்கும் முன் அம்மா, "வினிகர் ஃபாதர். நாந்தான் ஊத்தச் சொன்னேன்" என்றார்.

"அம்மா இல்ல ஃபாதர். நான்தான்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கல்வேலை தெரிந்த ஆளை வைத்துத் தேய்த்துப் பார்க்கலாம் என்றார். பிறகு என்னிடம் தனியாக, "நல்லதுக்குத்தான் செஞ்சீங்க, தெரியுது. ஆனா கொஞ்சம் நிதானமா செய்யுங்க" என்றார். நான் அடுத்த சனிக்கிழமை போகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை அம்மா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஒரு மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் எதையும் துடைக்க வேண்டும் என்று பெண்கள் தாங்களாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருந்தார்கள். பூந்திக்கொட்டைத் தண்ணீரைப் பெஞ்சுகளுக்கு மட்டும் பயன்படுத்தினார்கள். தரைக்கு வெறும் வெந்நீர். பழைய மருந்துக்கு யாரும் திரும்பவில்லை, கறி பற்றிக் கேட்ட அந்த அக்கா உட்பட.

பின்கட்டடத்தில் நான் மொத்தம் ஐந்து மாதம் இருந்தேன். பிரசவத்துக்குப் போன பெண் விடுப்பை நீட்டியிருந்தாள், அவள் திரும்பி வருவதற்குள் வேலையை விட்டுவிட்டேன். மேலாளர் நல்ல மனிதர், சீனர். ஏன் என்று கேட்டார். முயல்களை என்னால் பார்க்க முடியவில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. "சோதிக்காமல் விற்று, ஒரு பிள்ளை கண்ணில் தெறித்தால் என்ன செய்வாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. அண்ணனிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது அவர் கூண்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "நீ போயிருவேன்னு தெரியும். எனக்கு மூணு பிள்ளைங்க" என்றார். அவ்வளவுதான் பேசினோம்.

காத்தோங் பகுதியில் சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. எண்பதுகள் முடியும் சமயத்தில், நகரத்துப் பெரிய கடைகளில் புதுவிதப் புட்டிகள் வரத் தொடங்கின. பச்சை இலை படம், இயற்கைக்கு உகந்தது என்று எழுத்து. ஒன்றில் விலங்குகள்மேல் சோதிக்கவில்லை என்றும் இருந்தது. கடை நடுவில் நின்று அதை எத்தனை தடவை படித்தேனோ. தயாரித்து முடித்த கலவையைச் சோதிக்கவில்லையா, அல்லது உள்ளே போட்ட ஒவ்வொரு பொருளையுமா? இவர்கள் சோதிக்கவில்லையா, அல்லது இவர்களுக்காக வேறு யாரும் சோதிக்கவில்லையா? இந்த வித்தியாசம் பின்கட்டடத்தில் இருந்தவளுக்குத்தான் உறைக்கும். புட்டியில் இருந்த முகவரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டேன். வண்ணப்படம் போட்ட ஒரு தாள் பதிலாக வந்தது. நான் கேட்ட கேள்வி அதில் இல்லை. மறுபடியும் எழுதினேன். இரண்டாவது கடிதத்துக்கு, ஒரு பெண் தன் கையெழுத்திலேயே பதில் எழுதியிருந்தார். தங்களுக்குப் பொருள் தருகிறவர்கள் முன்பு என்ன செய்தார்கள் என்பது தனக்கு முழுமையாகத் தெரியாது, விசாரித்துக்கொண்டிருப்பதாக.

அந்தப் பதிலை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா அப்போது வேலையை விட்டிருந்தார், கைகள் ஆறியிருந்தன, மணிக்கட்டில் மட்டும் தோல் கொஞ்சம் கறுத்து நின்றுவிட்டது.

"தெரியாதுன்னு உண்மையச் சொல்லுறாங்கல்ல, அவங்களுதையே வாங்கு" என்றார்.

வாங்கினேன். பாத்திரத்துக்கு அது, தரைக்குப் பூந்திக்கொட்டை என்று வைத்துக்கொண்டோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பெண்ணுக்கு எழுதி, விசாரித்தீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.