அக்காவின் ரேஸ்

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, ஒரு வருஷம் முழுக்க என் அக்காமேல் எனக்கு எரிச்சல். சும்மா எரிச்சல் இல்லை. காலையில் கண் விழித்ததும் முதலில் வருவது அதுதான், பல் தீட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு. காரணம் அவளுடைய சைக்கிள். இன்னும் சரியாகச் சொன்னால், அந்தச் சைக்கிளுக்குப் பின்னால் போன அப்பா.

அப்பாவுக்கு டோர்வல் விமான நிலையத்தில் பயணப் பெட்டிகளை ஏற்றி இறக்குகிற வேலை. விடியப்புறம் போனால் மத்தியானம் ஒரு மணி தாண்டித்தான் செயின்ட்-மிஷேலில் இருந்த எங்கள் இரண்டாம் மாடி வீட்டின் படியேறுவார். சாப்பிட்டு, கை கழுவி, அந்த ஈரம் காய்வதற்குள் படுத்துவிடுவார். பள்ளிக்கூட விழாவா, பல் டொக்டரா, எல்லாவற்றுக்கும் அம்மாதான் வருவார். அப்பாவின் நித்திரையைக் குழப்பக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அப்படிப்பட்ட மனுஷன் ஒவ்வொரு நாளும் நித்திரையை விட்டுவிட்டு மூத்த மகளைக் கூட்டிக்கொண்டு சைக்கிள் ஓடப் போனால் இளைய மகளுக்கு எப்படிப் பொறுக்கும்?

அக்காவுக்கு யோகம் அடித்தது பனி கரையத் தொடங்கிய நாட்களில். அவளுக்கு அப்போது பதினாறு வயது. ஒரு திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. செவ்வாய்க்கிழமையும் போகவில்லை. பிறகு போகவே இல்லை. எனக்கு இருமல் வந்தால் அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "காய்ச்சல் இல்லை, வெளிக்கிடு" என்று பள்ளிக்கூடத்துக்குக் கலைத்துவிடுவார். அக்கா பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தாள், ஒருவரும் ஏனென்று அதட்டவில்லை. குளிக்கச் சொல்லியும் சத்தம் போடவில்லை. சாப்பாடு கட்டிலுக்கே போனது. அவள் தொடாமல் விட்ட சாப்பாட்டுக் கோப்பையை அம்மா ஒரு சொல் சொல்லாமல் திருப்பி எடுத்து வந்தார். நான் ஒரு கத்தரிக்காய்த் துண்டை ஒதுக்கினால் அன்றைக்கு வீடு இரண்டாகும்! இதற்கெல்லாம் மேலாக அவளுடைய சிக்குப் பிடித்த தலையை அம்மா மடியில் வைத்து அரை மணி நேரம் மெதுமெதுவாக இழுத்துவிடுவார். நான் சீப்பைக் கொண்டுபோய் நீட்டினால், "உனக்குக் கையில்லையே?" என்பார்.

அக்காவும் கதைக்க மாட்டாள். கேட்டதற்கு ஓம், இல்லை, அவ்வளவுதான். ராணி மாதிரி வைத்துப் பார்த்தால் தலைக்கனம் வரும்தானே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஜூன் மாதத்தில் அப்பா லீவு போட்டார். அதுவே எங்கள் வீட்டில் பெரிய செய்தி. அவரும் அம்மாவும் அக்காவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். பின்னேரம் குசினியில் இரண்டு பேரும் குசுகுசுத்தார்கள். நான் நடைக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"ஒவ்வொரு நாளும் எண்டு டொக்டர் சொன்னவர்," என்றார் அப்பா. "வெளியில, வெளிச்சத்தில, உடம்பு நல்லாக் களைக்கோணும்."

"மழை பெய்தால்? பனி கொட்டினால்?"

"அதைப் பற்றி அவர் ஒண்டும் சொல்லேல்லை. ஒவ்வொரு நாளும் எண்டால் ஒவ்வொரு நாளும்தான்."

அப்பா அப்படிப்பட்ட ஆள். மருந்துப் போத்தலில் எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்று எழுதியிருந்தால் அலாரம் வைத்து எழுப்பிப் பருக்குவார். அந்தச் சனிக்கிழமையே அக்காவுக்குப் புத்தம் புதுச் சைக்கிள் வந்தது. மயில் கழுத்து நிறம், வழுக்கிக்கொண்டு மாறுகிற கியர்கள். கீழ் வீட்டுக்காரர் எறிய வைத்திருந்த பாரச் சைக்கிளை அப்பா தனக்கு எடுத்துக்கொண்டார். எனக்கு ஏற்கனவே ஒன்று இருந்தது. லவாலில் இருக்கிற பெரியம்மாவின் மகள் ஓடி ஓய்ந்தது, ரோஸ் நிறம், கூடையில் ஒரு பூனைப் படம். அந்தக் கோடையில் என்னைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய் ஓட விடுவதாக அப்பா பனிக்காலத்திலேயே சொல்லியிருந்தார்.

அடுத்த நாள் பெரியம்மா எங்களுக்குப் போன் எடுத்தார். அவருடைய குரல் போனுக்கு வெளியிலும் கேட்கும்.

"என்னடி, மூத்தவளைக் கோயிலிலையும் காணேல்லை, பள்ளிக்கூடமும் போறேல்லையாம்?"

அம்மா ஜன்னலால் கீழே நின்ற புதுச் சைக்கிளைப் பார்த்தார். பிறகு, "அவள் சைக்கிள் ரேசுக்குப் பழகிறாள் அக்கா. பெரிய ரேஸ். அதுதான் லீவு குடுத்திருக்கினம்" என்றார்.

அக்காவைப் பிடித்திருந்த நோய்க்கு இந்த ஊரில் பெயர் இருக்கிறது. அதைப் பற்றி மெட்ரோவில் விளம்பரம்கூட ஒட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் அதற்கு ரேஸ் என்று பெயர் வைத்தார்கள். ஒரு பெண்பிள்ளைக்கு மனம் சரியில்லை என்று லவாலுக்குத் தெரிந்தால் கோயிலுக்குத் தெரியும், கோயிலுக்குத் தெரிந்தால் ரொறன்ரோ வரைக்கும் தெரியும். இதெல்லாம் எனக்கு விளங்கியது மீசை நரைத்த அப்பா ஒரு நாள் தானாகச் சொன்ன பிறகுதான். அன்றைக்கு நான் அம்மா சொன்னதை அப்படியே விழுங்கினேன். எல்லாம் பொருந்தி வந்தது. ரேஸ்காரர்களுக்கு டொக்டர் இருப்பார். ரேஸ்காரர்கள் நிறையப் படுத்து ஓய்வெடுப்பார்கள், கண்டதையும் சாப்பிட மாட்டார்கள். நாலு பேர் இருக்கிற வீட்டில் ஒருத்தியைச் சம்பியனாக்கத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், அது நான் இல்லை. அன்று இரவு தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

அந்த ஜூலை மாதம் வெயில் கொன்றது. வயதானவர்கள் வெளியே போக வேண்டாம் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். தெருத் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. அப்பா வேலையால் வருகிற நேரம்தான் வெயில் உச்சத்தில் நிற்கிற நேரம். அவர் காற்சட்டையின் வலது காலை முழங்கால் வரை மடித்து, கழுத்தில் ஈரத் துவாயைச் சுற்றிக்கொண்டு புறப்படுவார். சைக்கிள் சீற்றுகள் சுடாமல் இருக்க அம்மா நனைத்த துணி போட்டு வைப்பார். தேசிக்காய்ப் புளியில் உப்பும் சீனியும் போட்டுக் கரைத்து ஒரு பெரிய போத்தல் நிறையக் கொடுத்துவிடுவார். அக்கா முகத்தில் ஒரு உணர்ச்சியும் இல்லாமல் படியிறங்குவாள். அப்படி ஒரு கொடுப்பினை கிடைத்து, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறாளே என்று எனக்கு வயிறு எரியும்.

"அப்பா, நானும் வாறன்."

"உனக்குப் பேந்து, பிள்ளை."

அந்தப் பேந்து ஒரு நாளும் வரவே இல்லை. நான் பல்கனியில் நின்று இரண்டு தலைக்கவசங்களும் தெருமுனையில் மறைவதைப் பார்ப்பேன். திரும்பி வரும்போது அப்பாவின் சேர்ட் உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாக இருக்கும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் அக்காவின் பின் ரயரில் காற்றைப் பிடுங்கிவிட்டேன். அப்பா வந்து பார்த்தார். தலையை நிமிர்த்திப் பல்கனியையும் பார்த்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். "காத்துப் போட்டுது போல," என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்த வெயிலில் குந்தியிருந்து கைப்பம்பால் அடித்தார். மூக்கு நுனியால் வியர்வை சொட்டியது. ஒரு ஏச்சாவது விழும் என்று காத்திருந்தேன். ஏசுவதற்குக்கூட அவருக்கு என்மேல் கவனம் இல்லை என்று இன்னும் கோபம் வந்தது.

செப்டெம்பரில் அக்கா அரை நாள் பள்ளிக்கூடம் போனாள். மிச்ச அரை நாள் பழையபடி சுவர். சைக்கிளும் நிற்கவில்லை. ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"எடி, எப்பவடி உன்ர ரேஸ்?"

அவள் என்னைப் பார்த்தாள். "என்ன ரேஸ்?"

நான் குசினிக்கு ஓடினேன். "அம்மா, இவளுக்கு ரேஸ் எப்ப எண்டுகூடத் தெரியாது! இவளைப் போய்ச் சேர்த்திருக்கிறியள்!"

அம்மா வெங்காயக் கையாலேயே என் வாயைப் பொத்தினார். "அவளிட்ட ஒண்டும் கேக்காதை. கேட்டியோ, தோலை உரிச்சுப்போடுவன்." அவருடைய கண் கலங்கியிருந்தது. வெங்காயம் என்று நினைத்தேன். அதைவிட, எனக்கு ரேஸ் நாள் தெரிந்தால் நானும் பெயர் கொடுத்துவிடுவேன் என்று பயப்படுகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

பனிக்காலம் வந்தால் இந்தக் கூத்து முடியும் என்று நம்பியிருந்தேன். முடிந்ததா? அப்பா இரண்டு சைக்கிளுக்கும் ஆணி வைத்த ரயர் மாட்டினார். கை விறைக்காமல் இருக்க ஹாண்டிலில் மாட்டுகிற உறை வேண்டுமென்றார். அம்மா அலுமாரியைத் திறந்து என்னுடைய ஊதா ஜாக்கெட்டை எடுத்தார். அது எனக்குச் சிறிதாகிப்போனது உண்மைதான். ஆனால் என்னுடையது. கடையில் நானே தெரிந்து எடுத்தது, கழுத்தில் முயல் ரோமம் வைத்தது. என் கண்ணுக்கு முன்னாலேயே இரண்டு கையையும் வெட்டி எடுத்து, அக்காவின் ஹாண்டிலுக்கு இரண்டு பக்கமும் மாட்டித் தைத்தார். நான் நிலத்தில் விழுந்து புரண்டேன். "என்ன விசரே உனக்கு?" என்று அம்மா கத்தினார். அக்கா ஊதாக் கைகளுக்குள் தன் கைகளை விட்டுப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை ஆசிரியர்களுக்குக் கூட்டம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே பள்ளிக்கூடம் இல்லை. அம்மா ஒரு கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சமைக்கிற வேலை செய்தார். அங்கே யாரோ வரவில்லை என்று பின்னேரமும் நிற்கச் சொல்லிவிட்டார்கள். என்னைத் தனியே விட முடியாது. குளிர் பூச்சியத்துக்குக் கீழே இருபத்தைந்து. அப்பா ஜன்னலைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"சரி, வெளிக்கிடு."

எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. காலுறைக்கு மேல் பாண் வருகிற பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் இன்னொரு காலுறை, பிறகு சப்பாத்து. கன்னத்தில் வாசலீன். கண் மட்டும் தெரிகிற தொப்பி. என் சைக்கிளுக்கு ஆணி ரயர் இல்லை. "கொஞ்சம் காத்தை இறக்கினால் வழுக்காது," என்று அப்பா என் ரயரில் காற்றைப் பிடுங்கினார். அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குக் கழுத்தெல்லாம் சூடேறியது. அவர் சாதாரணமாகத்தான் இருந்தார்.

நான் ஒரு முடிவோடு போனேன். இன்றைக்கு அப்பாவின் கண் முன்னால் அக்காவைத் தோற்கடிக்க வேண்டும். தவறான ஆளைப் பழக்குகிறோம் என்று அவருக்கு விளங்க வேண்டும். அதற்குப் பிறகு மயில் கழுத்துச் சைக்கிளும் அப்பா விட்டுக்கொடுக்கிற மத்தியான நித்திரையும் எனக்கு.

எங்கள் பகுதியில் பழைய கல்லுக்குழி ஒன்றை நிரப்பிப் பெரிய பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். அதைச் சுற்றிப் பாதை போகிறது. அன்று அங்கே ஒரு சனம் இல்லை. பனி கால் வைத்த இடமெல்லாம் கறுமுறு என்றது. மூச்சு இழுத்தால் மூக்குக்குள் மயிர் விறைத்துக் குத்தியது, இமைகள் ஒன்றோடொன்று ஒட்டின. முன்னுக்கு அக்கா, அவளுக்குப் பின்னால் அப்பா, கடைசியில் நான். அப்பா ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார், மற்றபடி அக்காவின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டே வந்தார். அவள் வழக்கம்போல, யாரோ சாவி கொடுத்து விட்டதுபோல ஒரே வேகத்தில் மிதித்துக்கொண்டு போனாள்.

கடைசி வளைவில் பாதை ஒரு மேட்டைச் சுற்றிப் போகும். மேட்டின் மேலாக யாரோ பனியில் நடந்து நடந்து குறுக்கு வழி இறுகிக் கிடந்தது. நான் யோசிக்கவில்லை. ஏறி, இறங்கி, விழப் பார்த்து, அக்காவுக்குச் சரியாக முன்னால் பாதையில் போய்ச் சேர்ந்தேன்.

"சம்பியனாம் சம்பியன்! ஆமையடி நீ, ஆமை!"

 பின்னால் இருந்து வந்தது ஒரு கத்தல்.

"எடியேய்! கள்ளி! குறுக்கால வந்தனி! நில்லடி, உன்ர கழுத்தை முறிக்கிறன்!"

திரும்பிப் பார்த்தேன். அக்கா சீற்றை விட்டு எழும்பி நின்று மிதித்துக்கொண்டு வந்தாள். முகத்தை மூடியிருந்த துணி கழன்று பறந்தது.  உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிதித்தேன். பூங்கா வாசலை ஒரு சில்லு அளவில் நான்தான் முதலில் தொட்டேன். அவள் சைக்கிளைப் பனிக்குள் போட்டுவிட்டு வந்து, ஒரு பிடி பனியை அள்ளி என் கழுத்துக்குள் திணித்தாள்.

"அப்பா, இது செல்லாது! இவள் குறுக்கால வந்தவள், நீங்கள் பார்த்தனீங்கள்தானே? திருப்பி ஓடோணும்! நாளைக்கு ஓடோணும்! நாளைக்கு இவளை நான் என்ன செய்யிறன் பாருங்கோ!"

அப்பா கொஞ்சம் தள்ளி நின்றார். சைக்கிளை விட்டு இறங்கி, கையுறையால் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. கையை எடுத்தபோது இமையிலும் மீசையிலும் கண்ணீர் உறைந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. அப்பா அழுது நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. வெயிலிலும் பனியிலும் எட்டு மாதம் பழக்கிய சம்பியன், பூனைப் படம் ஒட்டிய சைக்கிளிடம் தோற்றுப்போனாள். யாராக இருந்தாலும் அழுகை வரும்தான். வென்றவள் என்ற முறையில் எனக்கு அவர்மேல் மிகவும் இரக்கமாகப் போய்விட்டது. கழுத்துக்குள் கரைந்த பனியோடு அவரிடம் போனேன்.

"அழாதேங்கோ அப்பா. இன்னும் கொஞ்சம் பழகினால் அக்கா வெல்லுவா."

அப்பா என் தொப்பிக்கு மேல் கையை வைத்தார். 

"ஓம் பிள்ளை," என்றார். "வெல்லுவா."

தோற்ற மனுஷனை மேலும் வருத்தக் கூடாது என்று நான் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. வீடு வரும்வரை முன்னுக்கு நான்தான் ஓடினேன்.