உப்புப் பார்த்த கை

சாரல் பிடித்துவிட்டது. இந்த மாதிரிக் காலைக்கு உப்புமாதான் பொருத்தம் என்பது என் கட்சி. ரவை வாங்க வீட்டுக்காரரை அனுப்பினேன். 'வறுத்தது' என்று போட்ட பாக்கெட்டை வாங்கி வந்து, எனக்கு வேலை மிச்சம் பண்ணிவிட்ட பெருமையில் நின்றார். பிரித்து மூக்கருகே வைத்துப் பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை.

ரவை வாசத்துக்கும் என் குடும்பத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. சொல்கிறேன், கேளுங்கள்.

நான் பாவூர்சத்திரத்துக் கிறிஸ்தவப் பெண். இவர் கோவில்பட்டிச் சைவக் குடும்பம். தென்காசியில் ஒரே ஆபீசில் வேலை பார்த்தோம். மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்வீர்கள். எங்கள் வீட்டில் ஒரு மாதம் அழுதுவிட்டுச் சமாதானமாகிவிட்டார்கள். இவருடைய அம்மா மட்டும், "உன் வீட்டுல கை நனைக்க மாட்டேன்" என்று மகனிடம் சொல்லிவிட்டார்கள். சோறு வேண்டாம், ஒரு வாய் தண்ணீர்கூடத் தொடமாட்டேன் என்று அர்த்தம். சொன்னபடியே இரண்டு வருஷம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. இவர் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் அதிசயமாக நான் எதையாவது ருசியாகச் செய்துவிட்டால், அம்மா ஞாபகத்தில் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். எனக்கு அதுதான் தாங்காது.

தென்காசியில் வீடு பிடித்தால் குற்றால சீசனில் சொந்தக்காரர்கள் பெருகிவிடுவார்கள். அப்படி ஓர் ஆடிக் காலையில், அருவியில் குளித்த கையோடு, ஈரத் துண்டும் எண்ணெய் வாசமுமாகப் இவர் பக்கத்துச் சொந்தக்காரர்கள் பதினோரு பேர் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். குற்றாலத்தில் குளித்தவர்களின் பசி உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டாவது ஆள் வேனை விட்டு இறங்கவில்லை. அடுக்களை ஜன்னலுக்கு நேரே, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அத்தை, இவருடைய அம்மாதான், உட்கார்ந்திருந்தார்கள். இவர் குடையோடு போய் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தார்.

வீட்டில் இருந்தது ரவை மட்டும். எனக்கு டைப் அடிக்க வரும், பதினோரு பேருக்கு உப்புமா கிண்ட வராது. ஓர் அடுப்பில் தாளித்துத் தண்ணீரைக் கொதிக்கவிட்டேன். மறு அடுப்பில் ரவையைக் கொட்டி வறுத்தேன், கண் என்னவோ ஜன்னலில்தான். முதலில் நல்ல வாசம் வந்தது. அது மாறியது எனக்குத் தெரியவில்லை, வேனுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏட்டி, ரவை தீயுது. அடுப்ப அணை."

நிமிர்ந்தால் அத்தை அடுக்களைக்குள் நிற்கிறார்கள். கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, கருகியதைத் தள்ளிவிட்டு, வேறு ரவை போட்டு வறுத்தார்கள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அதை இறக்கி வைத்துவிட்டு, கொதிக்கிற தண்ணீரில் ஒரு சொட்டைக் கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் விட்டு, நாக்கில் வைத்து உப்புப் பார்த்தார்கள். ரவை போடுமுன் சமைக்கிற யாரும் செய்கிற காரியம்தான். கை தானாகச் செய்துவிட்டது.

அப்புறம்தான் அவர்களுக்கு உறைத்தது. எனக்கும். தட்டுகளை அடுக்கிப் பிடித்தபடி நிலைப்படியில் நின்ற இவருக்கும். அத்தை தன் உள்ளங்கையையே கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

"உப்பு பத்தல," என்றார்கள். "எடு."

சாரலுக்கு நீர்விட்டுப் போயிருந்த உப்பு ஜாடியை நீட்டினேன். அன்றைக்கு அத்தை இவர் பக்கத்தில் உட்கார்ந்து, சீனி தொட்டு, இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். இவர் தட்டை வழித்து வைத்தார். அதற்குப் பிறகு எல்லா சீசனுக்கும் அத்தை வந்தார்கள், முன்கூட்டிச் சொல்லாமல்தான்.

அத்தை இப்போது இல்லை. சொல்லாமல் வருகிறவர்களும் இல்லை. போனிலேயே ரூம் போட்டு, காலைப் பலகாரத்தை அங்கேயே முடித்து, அருவிப் படத்தை மட்டும் நமக்கு அனுப்பிவைக்கிறார்கள். ரவையைக்கூட எந்த ஊரிலோ மெஷினில் வறுத்துவிடுகிறார்கள். இந்தப் பாக்கெட் அன்றைக்கே கடைக்கு வந்திருந்தால் அத்தை வேனை விட்டு இறங்காமலே ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

வறுத்ததையே எதுக்கு வறுக்குத என்று இவர் கேட்டார். நாங்கள் இரண்டே பேர் இருக்கிற வீட்டில் ஐந்து பேருக்கு ஆகிற ரவையை வாணலியில் கொட்டி, அடுக்களை ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்தேன்.