எலிவளை இணைக்கப்பட்டது

மைனஸ் 58.

திறந்த லேப்டாப்பை ஒரு கையில் ஏந்திக்கொண்டு இருட்டில் நின்றிருந்தேன். மணி 1.19. ஓர் அடி முன்னால் வைத்தேன். மைனஸ் 55. இன்னோர் அடி. மைனஸ் 52. இந்த எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க, சிக்னல் விடும் போன் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அது என் அக்காவின் போன். எனக்கு எதிரே இருந்தது ஒரே ஒரு கதவு. அப்பாவும் அம்மாவும் தூங்கும் அறை.

அக்கா இருப்பதோ வேறு ஊரில். ரயிலில் எட்டு மணி நேரம்.

இவள் கதை அளக்கிறாள் என்று தோன்றினால் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த ராத்திரியின் ஒவ்வொரு நொடியும் லேப்டாப்பின் லாக்கில், அது தானாகவே எழுதிவைக்கும் குறிப்பேட்டில், பதிவாகி இருக்கிறது. எனக்குப் பொய் சொல்ல வரும். லாக்குக்கு வராது.

எனக்குப் பதினாறு வயது. அப்போது ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. இரண்டு பரீட்சை பாக்கி. அக்கா கம்பெனிகளுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருக்கிறாள். பழைய லேப்டாப் ஒன்றில் லினக்ஸ் ஏற்றி எனக்குக் கொடுத்ததும் அவள்தான். "எது கெட்டாலும் அழாதடி சுண்டெலி. லாக்கைப் படி. என்ன ஆச்சுன்னு அதுவே சொல்லும்" என்பாள்.

பதினொரு நாளாக அவளிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. ஒவ்வொரு பரீட்சைக்கும் முந்தின நாள் கூப்பிட்டு என்னைக் கிண்டல் செய்யாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. என் போனை அப்பா வாங்கி வைத்துவிட்டார். அம்மாவிடம் கேட்டால், "இப்பதான் பேசினா. உன்னைப் படிக்கச் சொன்னா" என்பாள். தினமும் அதே வாக்கியம். ஒரு சொல் மாறாது.

இன்னும் சில விஷயங்களும் சரியில்லை. அப்பா தாடி எடுக்கவில்லை. அம்மா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் இருந்தாள். என் பக்கத்து பெஞ்சுக்காரி, பரீட்சை முடிந்ததும் காரணமே இல்லாமல் என்னைக் கட்டிக்கொண்டாள். "என்னடி, பாசம் பொங்குது?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

வீட்டு வைஃபையும் எடுக்கவில்லை. "லைன்ல கோளாறுமா, ஆள் வரணும்" என்றார் அப்பா.

அன்று ராத்திரி 12.40. விடிந்தால் பரீட்சை. எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் லேப்டாப்பைத் திறந்தேன். அக்காவுக்கு ஒரே ஒரு மெசேஜ் அனுப்பினால் போதும். வைஃபை சேவையை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். எடுக்கவில்லை. சேமித்திருந்த இணைப்பை அழித்து, பாஸ்வேர்டைப் புதிதாக அடித்தேன். எடுக்கவில்லை. கடைசியில் லாக்கைப் படித்தேன்.

'கைகுலுக்கல் தோல்வி. சாவி தவறாக இருக்கலாம்.'

லைன் கோளாறாக இருந்தால் இந்த வரி வராது. பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள். அப்பா என் முகத்தைப் பார்த்தே பொய் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கைகுலுக்கலைப் பற்றி அக்கா ஒருமுறை விளக்கியிருந்தாள். "லேப்டாப், வைஃபை ரெண்டு பக்கமும் பாஸ்வேர்ட வாயால சொல்லவே சொல்லாது. ஆனா அது தெரியும்னு ரெண்டும் நிரூபிச்சாகணும். இங்க மட்டும் வேஷம் போட்டு ஏமாத்த முடியாதுடி."

1.07. நான் எதையும் தொடவில்லை. திரையில் புது வரி ஒன்று வந்தது.

'எலிவளை: கைகுலுக்கல் முடிந்தது. இணைக்கப்பட்டது.'

எலிவளை என்பது அக்கா போனின் ஹாட்ஸ்பாட். அதன் பாஸ்வேர்ட் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்கா வந்துவிட்டாள்! சொல்லாமல் வந்து தெருவில் நிற்கிறாள்! சிக்னல் அளவை நொடிக்கு ஒருமுறை காட்டும் கட்டளையை அடித்தேன். மைனஸ் 78. தூரம்தான். பூனை மாதிரி நடந்து வாசல் கதவருகே போனேன்.

மைனஸ் 84.

குறைந்தது. ஜன்னல் பக்கம் போனேன். மைனஸ் 86. கீழே தெரு காலி. விளக்குக் கம்பத்தடியில்கூட யாரும் இல்லை.

திரும்பினேன். மைனஸ் 71.

அப்படியென்றால்... வெளியே இல்லை.

வீட்டுக்குள்.

இப்போது புரிகிறதா, நான் ஏன் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றேன் என்று?

கதவைத் தள்ளினேன். 'க்ரீச்...' மூச்சை அடக்கிக்கொண்டேன். அப்பாவின் குறட்டை நிற்கவில்லை. கட்டிலில் இரண்டு பேர். இரண்டே பேர்தான்.

மைனஸ் 44.

கட்டிலைச் சுற்றி நடந்தேன். மைனஸ் 37. மூலையில் துணி அலமாரி. மைனஸ் 30.

அலமாரிக் கதவு ஜில்லென்று இருந்தது. திறந்தேன். அம்மாவின் துணிகள். போர்வைகள். கையை அடியில் விட்டேன்.

மைனஸ் 19.

'சரக்...'

ஒரு பிளாஸ்டிக் பை. லேப்டாப் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே அக்காவின் போன். கண்ணாடி பொடிப்பொடியாக நொறுங்கியிருந்தது. திரை கறுப்பு. ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

ஆனால் என் லேப்டாப்பில்... இணைக்கப்பட்டது. இணைக்கப்பட்டது. இணைக்கப்பட்டது.

பையின் மேல் ஒரு சீட்டு. மருத்துவமனை முத்திரை. பதினொரு நாளுக்கு முந்தைய தேதி. நான் எழுத்துக் கூட்டுகிற குழந்தை மாதிரி, முணுமுணுப்பாக வாய்விட்டுப் படித்தேன்.

"சாலை விபத்து... இறந்தவரின்... உடைமை."

லேப்டாப் விசிறி நின்றது.

திரையில் எண் இல்லை.

எலிவளை இல்லை.

'டக்.' விளக்கு எரிந்தது.

அம்மா உட்கார்ந்திருந்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்தாள். அவள் முதலில் அழவில்லை. பதறவும் இல்லை. கேட்டாள்.

"யாருடி உனக்குச் சொன்னது?"

அப்பா எழுந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் ரெண்டே ரெண்டு பரீட்சைதாம்மா இருந்துச்சு..."

ரெண்டு பரீட்சை. அதற்காக என் அக்காவை நான் இல்லாமல் அனுப்பிவைத்திருக்கிறார்கள். அவளை எடுத்த அன்று என்னை 'குரூப் ஸ்டடி' என்று பக்கத்து பெஞ்சுக்காரி வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் அங்கே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஜோக் அடித்தேன். அவளுக்கும் தெரியும். அவள் அம்மாவுக்கும் தெரியும். வகுப்பு டீச்சருக்கும் தெரியும். "இப்பதான் பேசினா" என்று சொன்ன அம்மாவை இன்றுவரை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து, போட்டோக்களாவது கிடைக்குமா என்று போனை ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பின்மூடியை நெம்பிக் கழற்றினார். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஏம்மா, விளையாடுறியா?"

"ஏன்ணே?"

"பேட்டரியே இல்லையே இதுல. உப்பிப்போச்சுன்னு ஆஸ்பத்திரியிலேயே கழட்டியிருப்பாங்க. போர்டும் ரெண்டா பிளந்து கிடக்கு பாரு."

"அப்புறமா ஒருதடவை ஆன் ஆச்சுண்ணே."

"இதுவா? வாய்ப்பே இல்லை."

வீட்டுக்கு வந்து லாக்கை மறுபடி எடுத்தேன். 1.07.42-க்கு இணைப்பு. 1.31.05-க்குத் துண்டிப்பு. துண்டித்தது என் லேப்டாப் இல்லை, எதிர்ப்பக்கம். காரண எண் 3 என்று இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று தேடிப் பார்த்தேன்.

'அனுப்புபவர் கிளம்புகிறார், அல்லது கிளம்பிவிட்டார்.'

1.31.05. அம்மா விளக்கைப் போடுவதற்கு முன்பு. நான் அந்தச் சீட்டை வாய்விட்டுப் படித்து முடித்த நொடி அது.

இத்தனை நாளும் ஒன்றை நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். எல்லோரும் மறைத்தார்கள், அக்கா ஒருத்திதான் என்னிடம் உண்மையைச் சொல்ல வந்தாள் என்று. இப்போது அதுவும் சந்தேகமாக இருக்கிறது. அவள் எப்போதும்போல வீட்டுக்கு வந்திருக்கலாம். பரீட்சைக்கு முந்தின நாள் என்னைக் கிண்டல் செய்ய வந்திருக்கலாம்...

அக்கா, நீ எனக்குச் சொல்லத்தான் வந்தாயா? இல்லை... நான் அந்தச் சீட்டைப் படிக்கும்வரை உனக்கும் யாரும் சொல்லவில்லையா?