அம்மன் திருப்பித் தந்த ரேகை

என் கட்டைவிரலில் ரேகையே இல்லை என்று ஒரு மெஷின் சொன்னது. அன்றைக்கு ஆரம்பித்தது என் கஷ்டம். மூவாரில் நம் அம்மன் கோயிலுக்கு வருகிற உங்களுக்கெல்லாம் இந்த சரோஜாவைத் தெரியும். முன்னால் நின்று பேசினால் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

என் ஒரே மகள் கவிதா சிங்கப்பூரில் குடியிருக்கிறாள். அவள் அப்பா தவறிப்போன பிறகு மாதாமாதம் அவள்தான் வந்து என்னைப் பார்ப்பாள். நான் அந்தப் பக்கம் போனதில்லை. என் பாஸ்போர்ட் காலாவதியாகி வருஷக் கணக்காகிவிட்டது. போன வருஷம் அவள் மறுபடி உண்டானாள். முதல் கரு தங்கவில்லை. இந்தத் தடவை படுக்கையை விட்டு எழவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். மருமகனுக்கு ஷிப்ட் வேலை. நாள் முழுக்க அவள் தனியாகக் கிடந்தாள்.

“அம்மா, நீ வந்துரும்மா. பயமா இருக்கு” என்று போனில் அழுதாள்.

காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்ச் சேர்கிற ஊர்தான். பாஸ்போர்ட் இல்லாதவளுக்கு அது லண்டன் தூரம்.

உடனே பாஸ்போர்ட் எடுக்கப் போனேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் நல்ல பிள்ளை. வலது விரல், இடது விரல் என்று துடைத்துத் துடைத்து வைக்கச் சொன்னாள். மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை. போன தடவை முகத்தையும் ஐசி அடையாள அட்டையையும் பார்த்தே கொடுத்தார்களே என்றேன்.

“இப்ப ரூல் மாறிடுச்சு ஆன்ட்டி” என்று மலாயில் சொன்னாள். “கெர்ஜா அபா?”

என்ன வேலை என்று கேட்கிறாள். ஃபர்னிச்சர் ஃபேக்டரியில் நாற்காலிக்கு சேண்ட் பேப்பர் தேய்க்கிறேன் என்றேன். கையுறை போட்டால் மரத்தின் சொரசொரப்பு தெரியாது. இத்தனை வருஷமும் வெறுங்கைதான். கைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினாள்.

முதலாளியிடம் அழாத குறையாகக் கேட்டு பேக்கிங் பக்கம் மாறினேன். கையுறை போட்டுக்கொண்டேன். கூடவே நம் கோயில் ஆத்தாவிடம் ஒரு வேண்டுதலும் வைத்தேன். என் ரேகை திரும்பி வரும்வரை தினமும் சாயங்காலம் உன் பித்தளை விளக்கெல்லாம் என் கையாலேயே தேய்க்கிறேன் என்று.

அப்படித்தான் தேய்த்தேன். கொஞ்ச நாள் கழித்துப் போனால் மெஷின் மறுபடியும் முடியாது என்றது. அதற்கடுத்த தடவையும் அதேதான். கவிதாவுக்கு மாதம் ஏறிக்கொண்டே போனது. வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாதே என்று டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு அழுவேன். உனக்குக் கண்ணில்லையா என்று ஆத்தாவைக் கேட்டே விட்டேன்.

அன்று சாயங்காலம் கோயில் குழாயடியில் விளக்கு தேய்த்துக்கொண்டிருந்தேன். பூ கட்ட வருகிற லோகா என்னைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“அலமாக்! என்னக்கா பண்றீங்க?”

“வேண்டுதல்லா. ரேகை வரணும்ல.”

“மெஷின்ல வைக்கவேண்டிய விரலை இங்க சாம்பலும் புளியும் போட்டுத் தேய்ச்சா, ஆத்தா பாவம், என்னதான் பண்ணுவா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன். “அப்ப சும்மா உட்காரச் சொல்றியா?”

“ஆமாக்கா. சும்மாதான் உட்காருங்க. நானும் கூட உட்காருறேன்.”

சும்மா உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. கையில் வேலை இருந்தவரை தனிமையைக் கிட்டே விடாமல் வைத்திருந்தேன். வெறும் கையோடு சன்னதி முன்னால் உட்கார்ந்ததும் எல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. ஆத்தா, எனக்கு யாருமில்லை, பயமாக இருக்கிறது என்றேன். அதுவரை அவளிடம் கேட்டிருக்கிறேனே தவிர, மனம் விட்டுப் பேசியதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து லோகா பூ கட்டினாள். மறுநாளும் வந்தாள். பாத்திரம் கழுவாதீங்க என்று சோறும் குழம்பும் கொண்டுவந்தாள். விளக்குகளை அவள் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த தடவை கவுண்டரில் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தேன். “டபாட், ஆன்ட்டி! கிடைச்சிருச்சு!” என்று அந்தப் பெண் கைதட்டினாள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பாஸ்போர்ட் கைக்கு வந்த மறுநாளே பஸ் ஏறிவிட்டேன். கவிதாவுக்கு வலி கண்டபோது அவள் தலைமாட்டில் நான் இருந்தேன். பெண் குழந்தை. என் மடிக்கு வந்ததும் அது இறுக்கிப் பிடித்தது இந்தக் கட்டைவிரலைத்தான்.

ஓய்வு கொடுத்தால் தோல் வளராதா என்று யாராவது கேட்கலாம். கேட்கட்டும்லா. லோகாவின் வாயில் வந்து பேசியது யார் என்று எனக்குத் தெரியும்.

இப்போதும் வெள்ளிக்கிழமை தவறாமல் வெறும் கையோடு போய் உட்காருகிறேன். உங்களில் யாராவது வீட்டில் டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு அழுகிறீர்கள் என்றால் கோயிலுக்கு வாருங்கள். எதுவும் செய்யவேண்டாம். ஆத்தா முன்னால், இடது பக்கத் தூணோரம், என் பக்கத்தில் இடம் இருக்கிறது.